ரயிலா, லொறியா? மூடைக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்ப்போம்

2022 ஜனவரியில் ஒரு லீற்றர் டீசல் 121 ரூபா. அதே ஆண்டு ஜூன் மாத இறுதியில் அது 460 ரூபா. ஆறே மாதத்தில் விலை ஏறக்குறைய நான்கு மடங்கானது. கொழும்பு புறக்கோட்டையில் சரக்கெடுத்து, கண்டி வீதி வழியாகப் பாலையூற்றுக்கும் நகரத்துக்கும் கொண்டு வந்து விற்கும் வியாபாரிகள் அந்த மாதங்களை இலகுவில் மறந்துவிட மாட்டார்கள். கடையில் பொருளின் விலை ஏன் ஏறியது என்று கேட்ட வாடிக்கையாளருக்கு, "லொறிக் கூலி கூடிவிட்டது" என்று சொல்லிச் சொல்லியே வாய் வலித்தது.

அந்த நாட்களில் பலரும் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. நமது ஊருக்கு ரயில் பாதை இருக்கிறது. ரயிலில் சரக்கு மலிவு என்று சின்ன வயதிலிருந்தே கேள்விப்பட்டிருக்கிறோம். அப்படியிருந்தும் நமது மூடைகள் ஏன் லொறியிலேயே வருகின்றன? கேள்வி நியாயமானது. ஆனால், "ரயில்வே சரியில்லை" என்ற ஒற்றை வரியோடு அதற்குப் பதில் முடிந்துவிடாது. பேனாவையும் தாளையும் எடுத்து, ஒரு மூடைக்கு என்ன செலவாகிறது என்று பார்த்தால்தான் உண்மை விளங்கும்.

பழைய கதை கொஞ்சம்

இலங்கையில் ரயிலும் பெரு வீதிகளும் வருவதற்கு முன்னர் உள்நாட்டுச் சரக்குப் போக்குவரத்தில் நமது முன்னோருக்குப் பெரிய பங்கு இருந்தது. தவளம் எனப்பட்ட பொதிமாட்டு வணிகத்தில் உப்பு, கருவாடு, துணிமணி என்பன கரையோரத்திலிருந்து கண்டி இராச்சியத்துக்குச் சென்றன. பாக்கும் மற்ற மலைநாட்டுப் பொருட்களும் திரும்பி வந்தன. போகும்போதும் சுமை, வரும்போதும் சுமை. மாடு வெறும் முதுகோடு நடந்தால் வியாபாரம் நட்டம் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். இந்தக் கட்டுரையின் பாதிக் கணக்கு அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

1864 டிசம்பரில் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை முதலாவது ரயில் ஓடியது. 1867இல் பாதை கண்டியை எட்டியது. அதைப் போட்டது பிரயாணிகளுக்காக அல்ல, கோப்பிக்காக. தோட்டத்திலிருந்து துறைமுகத்துக்குக் கோப்பியை இறக்குவதே அதன் முதல் வேலை. பின்னர் தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. திருகோணமலைக்கு ரயில் வர மேலும் அறுபது ஆண்டுகள் எடுத்தன. மாகோவிலிருந்து பிரிந்து கல்ஓயாச் சந்தி வரை வந்து, அங்கிருந்து ஒரு கிளை மட்டக்களப்புக்கும் மற்றது கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா வழியாகத் திருகோணமலைக்கும் செல்லும் பாதை 1920களின் பிற்பகுதியில் திறக்கப்பட்டது.

பாதை போட்டபோது லொறி ஒரு போட்டியாக இருக்கவில்லை. இன்று நிலைமை தலைகீழ். நாட்டில் சுமார் 1,500 கிலோமீற்றர் ரயில் பாதை இருந்தும், உள்நாட்டில் நகரும் சரக்கில் ரயிலில் செல்வது நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். மிகுதி எல்லாம் வீதியில். இது இலங்கையில் மட்டும் நடந்ததல்ல. சுதந்திரம் கிடைத்த காலத்தில் இந்தியாவின் சரக்கில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ரயிலில்தான் சென்றது. இன்று அது மூன்றில் ஒன்றுக்கும் குறைவு.

லொறியின் கணக்கு

கொழும்பிலிருந்து திருகோணமலைக்குக் குருணாகல், தம்புள்ளை, ஹபரணை வழியாக வீதித் தூரம் சுமார் 260 கிலோமீற்றர். பத்துத் தொன் ஏற்றும் லொறி ஒன்று லீற்றருக்கு 4 கிலோமீற்றர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் லொறி கூடவோ குறையவோ ஓடலாம், கணக்குப் பார்க்கும் முறை ஒன்றுதான். போய்வர 520 கிலோமீற்றர். அதற்கு 130 லீற்றர் டீசல் தேவை. பத்துத் தொன் என்பது 50 கிலோ மூடையில் 200 மூடை. அப்படியானால் ஒரு மூடைக்கு 650 மில்லிலீற்றர் டீசல், அதாவது ஒரு பெரிய தண்ணீர்ப் போத்தலில் முக்கால்வாசிக்கும் சற்றுக் குறைவு.

இப்போது விலையைப் போடுங்கள். டீசல் 121 ரூபாவாக இருந்தபோது இந்தப் பயணத்துக்கு எரிபொருள் செலவு 15,730 ரூபா. 460 ரூபாவானபோது 59,800 ரூபா. வித்தியாசம் 44,070 ரூபா. ஒரு மூடையின் தலையில் சுமார் 220 ரூபா கூடுதலாக ஏறியது. டயர், உதிரிப்பாகம், சாரதி சம்பளம் எதையும் இதில் சேர்க்கவில்லை. டீசல் மட்டும்தான்.

இதில் ஒரு விடயம் கவனிக்கத்தக்கது. இந்த 220 ரூபா, லொறி ஒரு வழியில் வெறுமையாக ஓடினால் வரும் கணக்கு. திரும்பும் வழியிலும் முழு லோட் கிடைத்தால் செலவு இரண்டு சுமைக்கும் பங்காகி 110 ரூபாவாகக் குறையும். கூலி பேசும்போது நாம் வரும் சுமையை மட்டுமே பேசுகிறோம். ஆனால் லொறிக்காரர் திரும்பும் வெறும் பயணத்தையும் சேர்த்துத்தான் விலை சொல்கிறார். தவளக்காரருக்குத் தெரிந்த அதே கணக்கு இது.

விலை மட்டும் பிரச்சினையாக இருக்கவில்லை. 2022 ஜூலையில் கியூஆர் அட்டை முறை வந்தபோது லொறிக்கு முதலில் ஒதுக்கப்பட்டது வாரத்துக்கு 50 லீற்றர். கொழும்புக்குப் போய்வர 130 லீற்றர் வேண்டிய வாகனத்துக்கு 50 லீற்றர் எந்த மூலைக்குப் போதும்? 2023 செப்டெம்பரில் அந்த முறை நிறுத்தப்பட்டது. ஆனால், ஒரே வாகனத்திலும் ஒரே எரிபொருளிலும் நமது வியாபாரம் முழுவதும் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதை அந்தக் காலம் எல்லோருக்கும் காட்டிவிட்டது.

ரயிலில் ஏன் மலிவு?

இதற்கு விஞ்ஞானம் படித்திருக்கத் தேவையில்லை. தார் வீதியில் ரப்பர் டயர் நசுங்கி நசுங்கி உருள்கிறது. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சில்லு நசுங்குவதில்லை. ஆகவே அதே பாரத்தை இழுக்க மிகக் குறைந்த சக்தியே போதும். இதனுடன், ஒரே எஞ்ஜின் பல பெட்டிகளை இழுக்கிறது. இருபது லொறிக்கு இருபது சாரதிகள் வேண்டும். அதே சுமையுடன் போகும் ஒரு சரக்கு ரயிலுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய ஊழியர்கள் போதும். பொதுவாக ஒரு தொன் பாரத்தை ஒரு கிலோமீற்றர் கொண்டுசெல்ல ரயிலுக்குத் தேவைப்படும் எரிபொருள், லொறிக்குத் தேவைப்படுவதில் மூன்றில் ஒன்று அல்லது அதற்கும் குறைவு.

அதன்படி பார்த்தால், டீசல் லீற்றருக்குப் பத்து ரூபா ஏறும்போது லொறியில் வரும் மூடைக்கு ஆறரை ரூபா கூடும். ரயிலில் வரும் மூடைக்கு இரண்டு ரூபா சொச்சம்தான் கூடும். 2022இல் லொறி மூடையின் மேல் ஏறிய 220 ரூபா, ரயிலில் வந்திருந்தால் 75 ரூபாவைத் தாண்டியிருக்காது.

இவ்வளவு மலிவு என்றால் புறக்கோட்டை மொத்த வியாபாரி முதல் முள்ளிப்பொத்தானைச் சில்லறைக் கடைக்காரர் வரை எல்லோரும் ரயிலடியில் அல்லவா நிற்க வேண்டும்? ஏன் நிற்கவில்லை?

செலவு ஓடும் வழியில் இல்லை, முனையில்

லொறியில் ஒரு மூடையை எத்தனை தடவை கைதொடுகிறார்கள் என்று எண்ணுங்கள். கொழும்புக் களஞ்சியத்தில் நாட்டாமி ஏற்றுகிறார். பாலையூற்றுக் கடையில் நாட்டாமி இறக்குகிறார். இரண்டே தடவை.

ரயிலில்? களஞ்சியத்திலிருந்து சின்ன லொறியில் ஏற்ற வேண்டும். ரயிலடியில் இறக்கிப் பெட்டியில் அடுக்க வேண்டும். சீனக்குடாவிலோ திருகோணமலையிலோ பெட்டியிலிருந்து எடுத்து மீண்டும் சின்ன லொறியில் ஏற்ற வேண்டும். கடையில் இறக்க வேண்டும். நான்கு தடவை. அத்துடன் இரண்டு குறுந்தூரக் கூலி. ஒவ்வொரு கைமாற்றிலும் ஒரு மூடை கிழியும், ஒரு பெட்டி நசுங்கும், ஒரு எண்ணிக்கை தவறும்.

இதைத் தொகையில் போட்டுப் பார்ப்போம். கீழே உள்ளவை உதாரணத்துக்கு எடுத்த தொகைகள். உங்கள் சிட்டையில் உள்ள தொகையை இட்டு நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

லொறிக் கூலி மூடைக்குக் கிலோமீற்றருக்கு ஒரு ரூபா என்போம். 260 கிலோமீற்றருக்கு 260 ரூபா. ரயிலில் அதில் பாதி, அதாவது 50 சதம் என்போம். கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு ரயில் பாதை மாகோ, கல்ஓயா என்று சுற்றி வருவதால் தூரம் சுமார் 295 கிலோமீற்றர். அதற்கு 147 ரூபா 50 சதம். இதுவரை ரயிலுக்கு அமோக வெற்றி. இனி முனைச் செலவைச் சேருங்கள். மேலதிகமான இரண்டு கைமாற்றுக்குத் தலா 25 ரூபா வீதம் 50 ரூபா. இரு முனையிலும் குறுந்தூர லொறிக்குத் தலா 40 ரூபா வீதம் 80 ரூபா. மொத்தம் 130 ரூபா. இப்போது ரயில் மூடை 277 ரூபா 50 சதம். லொறி மூடை 260 ரூபா. பாதிக் கூலியில் ஓடியும் ரயில் பதினேழரை ரூபாவால் தோற்றுவிட்டது.

இதே கணக்கை யாழ்ப்பாணத்துக்குப் போடுங்கள். தூரம் சுமார் 400 கிலோமீற்றர். லொறிக்கு 400 ரூபா, ரயிலுக்கு 200 ரூபாவும் முனைச் செலவு 130 ரூபாவுமாக 330 ரூபா. அங்கே ரயில் வெல்கிறது. தூரம் கூடக் கூட ரயில் வெல்லும், தூரம் குறையக் குறைய லொறி வெல்லும். நமது உதாரணத் தொகைகளின்படி அந்த எல்லைக்கோடு 260 கிலோமீற்றரில் விழுகிறது. இலங்கையோ வடக்கிலிருந்து தெற்கு வரை அளந்தாலும் சுமார் 430 கிலோமீற்றர்தான். இந்தியாவிலும் சீனாவிலும் ரயிலுக்குச் சாதகமாக நிற்கும் நெடுந்தூரம் நமக்கு இல்லை. ஆகவே நமது நாட்டில் ரயில் சரக்கின் வெற்றி தோல்வி, எஞ்ஜினிலோ தண்டவாளத்திலோ இல்லை. இரண்டு முனைகளிலும் ஆகும் செலவில்தான் இருக்கிறது.

இதற்கு நமது கண்ணெதிரே சாட்சி உண்டு. சீனக்குடாவில் 1980இல் உற்பத்தியைத் தொடங்கிய பிறிமா மாவு ஆலையிலிருந்து கோதுமை மாவு ரயிலில் கொழும்புப் பக்கம் சென்றிருக்கிறது. கப்பலில் வரும் கோதுமை துறைமுகத்தருகிலேயே மாவாகிறது. ரயில் நிலையமும் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரே பொருள், ஒரே இடத்திலிருந்து ஒரே இடத்துக்கு, பெட்டி பெட்டியாக. ஒரு முனையின் செலவு ஏறக்குறைய இல்லாமலே போய்விடுகிறது. நமது உதாரணத்தில் ஒரு முனைச் செலவான 65 ரூபாவை நீக்கிப் பாருங்கள். ரயில் மூடை 212 ரூபா 50 சதமாகிவிடும். லொறியை விட மூடைக்கு நாற்பத்தேழரை ரூபா மலிவு. 200 மூடைக்கு 9,500 ரூபா. பெரிய ஆலைக்கு இலாபமான அதே பாதை சின்னக் கடைக்காரருக்கு நட்டமாக இருப்பதன் இரகசியம் இதுதான்.

நேரமும் ஒரு செலவே

வியாபாரிக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. லொறி இரவு கொழும்பில் புறப்பட்டால் விடியற்காலையில் கடை வாசலில் நிற்கும். ரயில் பெட்டி நிரம்பும் வரை, எஞ்ஜின் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டும். மாகோவுக்கு இப்பால் ஒற்றைப் பாதை. எதிரே வரும் ரயிலுக்கு வழிவிட்டு நிற்க வேண்டும். கல்ஓயாவைச் சுற்றியுள்ள காடுகளில் யானைகளின் நடமாட்டம். 2024 ஒக்டோபரில் மின்னேரியாப் பகுதியில் எரிபொருள் ஏற்றிச் சென்ற ரயில் யானைக் கூட்டத்தில் மோதித் தடம்புரண்டது. 2025 பெப்ரவரியில் அதே மட்டக்களப்புப் பாதையில் பிரயாணிகள் ரயில் மோதி ஆறு யானைகள் இறந்தன. யானைப் பகுதிகளில் இரவு வேகத்தைக் குறைத்துத்தான் ஓட வேண்டியிருக்கிறது. அது சரியான ஏற்பாடுதான், ஆனால் நேரம் போகிறது.

நேரத்தின் விலை என்ன? உங்கள் முதல் பத்து நாளுக்கு ஒரு முறை சரக்காகிப் பணமாகித் திரும்பினால், வருடத்தில் 36 தடவை சுழலும். சரக்கு மூன்று நாள் தாமதித்து வந்து, சுழற்சி பதின்மூன்று நாளானால் 28 தடவைதான் சுழலும். எட்டுச் சுழற்சியின் இலாபம் போய்விட்டது. ஆகவே வேகமாக விற்கும் பொருளுக்கும், பழுதாகும் பொருளுக்கும் லொறியே சரி. மீன், பழம், பெருநாள் காலத்துத் துணிமணி இவற்றை ரயிலில் போட்டுக் காத்திருக்க முடியாது. சீமெந்து, சீனி, மாவு, உப்பு, பசளை, தரை ஓடு போன்றவை வேறு. இருப்பு முடிவதற்கு ஒரு வாரம் முன்பே கட்டளை கொடுத்துவிட்டால், அவை மூன்று நாள் பிந்தி வருவதால் கடை மூடப்படுவதில்லை. தாமதம் அல்ல, எப்போது வரும் என்று தெரியாமலிருப்பதே இந்தப் பொருட்களுக்குப் பெரிய எதிரி.

ரயில் எட்டாத இடங்கள்

2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அதற்கு முன் கிண்ணியாவுக்குப் போகும் சரக்கு படகுப் பாதைக்குக் காத்து நின்றது. பாலம் வந்த பிறகு, கொழும்பில் ஏற்றிய மூடை கிண்ணியாக் கடை வாசலிலேயே இறங்குகிறது. ஏ15 வீதியின் மற்றப் பாலங்களும் வந்ததால் மூதூருக்கும் தோப்பூருக்கும் அதே வசதி. ரயில் பாதையோ குடாவின் இந்தக் கரையோடு நின்றுவிடுகிறது. பாலம் அந்த ஊர்களின் வியாபாரத்துக்குச் செய்த நன்மையை எந்த ரயிலும் செய்திருக்க முடியாது. வீதியின் பலம் இதுதான். அது வாசல்வரை வருகிறது.

பாதைக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்?

"ரயில் திணைக்களம் நட்டத்தில் ஓடுகிறது, லொறி தன் சொந்தக் காலில் நிற்கிறது" என்று சொல்வார்கள். முதற் பாதி உண்மை. புகையிரதத் திணைக்களத்தின் வருமானம் அதன் செலவுக்குப் போதுவதில்லை, மிகுதியைத் திறைசேரி கொடுக்கிறது. இரண்டாவது பாதி அவ்வளவு உண்மையல்ல. ரயில் தன் பாதையைத் தானே போட்டு, தானே பழுதுபார்க்க வேண்டும். அந்தச் செலவு அதன் கணக்கிலேயே விழுகிறது. லொறி ஓடும் வீதியை வீதி அபிவிருத்தி அதிகாரசபை போடுகிறது. அதில் பெரும்பகுதி கடன் பணம். லொறி உரிமையாளர் டீசலிலும் அனுமதிப்பத்திரத்திலும் வரி கொடுக்கிறார் என்பது சரி. ஆனால் பாரமான வாகனம் வீதிக்குச் செய்யும் சேதம் அந்த வரியின் அளவிலேயே ஏறுவதில்லை.

1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் இதற்காகவே வீதி போட்டு, லொறிகளை ஓடவிட்டுப் பரிசோதித்தார்கள். அச்சின் மேல் விழும் பாரம் இரண்டு மடங்கானால் வீதியின் சேதம் இரண்டு மடங்கல்ல, சுமார் பதினாறு மடங்கு என்று கண்டார்கள். அனுமதித்த பாரத்துக்கு மேல் கால் பங்கு கூட்டி ஏற்றினால் சேதம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. நாம் ஒரே லோட்டில் கூட நாலு மூடை திணிக்கச் சொல்லி இலாபம் பார்க்கிறோம். அதன் விலை குழியாகவும் உடைந்த ஸ்பிரிங்காகவும் வரியாகவும் நமக்கே திரும்பி வருகிறது. ரயிலின் நட்டம் வருடாவருடம் பத்திரிகையில் வருகிறது. வீதியின் நட்டத்துக்கு யாரும் நமக்குச் சிட்டை அனுப்புவதில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

முனைச் செலவைக் குறைத்தவர்களே உலகில் போக்குவரத்து வியாபாரத்தை வென்றார்கள். 1956இல் மல்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லொறி உரிமையாளர் 58 கொள்கலன்களை ஒரு கப்பலில் ஏற்றி அனுப்பினார். அதற்கு முன் உதிரிச் சரக்கைக் கப்பலில் ஏற்ற ஒரு தொன்னுக்கு ஆறு டொலருக்குக் கிட்டச் செலவானது. கொள்கலனில் அது சுமார் 16 சதமாக இறங்கியது. கப்பல் வேகமாக ஓடியதால் அல்ல, கைமாற்று ஒழிந்ததால் வந்த மலிவு அது.

இந்தியாவின் கொங்கண் ரயில்வே 1999இல் வேறொரு வழியைத் தொடங்கியது. சரக்கோடு லொறியையே தட்டைப் பெட்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். மூடையை யாரும் தொடவில்லை. லொறிக்கு டீசலும் டயரும் மிச்சம், சாரதிக்கு ஓய்வு. 2020 ஓகஸ்டில் இந்தியாவில் தொடங்கிய கிசான் ரயிலில், முழுப் பெட்டி நிரப்ப முடியாத சிறு விவசாயிகளும் தங்களிடம் உள்ள அளவுக்குப் பதிவுசெய்து காய்கறி, பழம் அனுப்ப இடம் கொடுத்தார்கள். கூலியில் பாதியை அரசாங்க மானியம் தாங்கியது. இந்த இரண்டிலும் ரயில், வாடிக்கையாளரைத் தேடி ஒரு படி இறங்கி வந்தது.

நாம் என்ன செய்யலாம்?

அரசாங்கம் செய்யட்டும் என்று காத்திருந்தால் காலம் போய்விடும். வியாபாரிகளாகிய நம்மால் ஆகக்கூடியவை சில உண்டு.

முதலாவது, மூடைக் கணக்கு. லொறிக்கு மொத்தமாக எவ்வளவு கொடுத்தோம் என்பதோடு நிறுத்தாமல், ஒரு மூடைக்குக் கூலி எவ்வளவு, ஏற்று இறக்குக்கு எவ்வளவு, சேதாரம் எவ்வளவு, எத்தனை நாள் என்று மூன்று மாதம் எழுதி வையுங்கள். எந்தப் பொருளில் போக்குவரத்து இலாபத்தைத் தின்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

இரண்டாவது, கூட்டுச் சரக்கு. ஒரு ரயில் பெட்டியை ஒரு கடையால் நிரப்ப முடியாது. ஐந்தாறு கடைகள் சேர்ந்தால் முடியும். பாலையூற்று, நகரம், தம்பலகாமம், முள்ளிப்பொத்தானை வியாபாரிகள் சீமெந்தையும் சீனியையும் தனித்தனியே எடுப்பதற்குப் பதிலாக மாதத்தில் குறித்த நாளில் ஒன்றாக எடுக்கலாம். ரயிலுக்குச் சரிவராவிட்டாலும் நட்டமில்லை. முழு லொறி, பாதி லொறியை விட மூடைக்கு மலிவு. கூட்டு என்றவுடன் பிணக்கு வரும் என்று அஞ்சுவோர் உண்டு. கொடுக்கல் வாங்கலை எழுதிச் சாட்சி வைத்துக்கொள்ளும் ஒழுங்கு நமக்குப் புதியதல்ல. யார் பணம் கட்டுவது, எண்ணிக்கை குறைந்தால் யார் பொறுப்பு என்பதை முதல் நாளே எழுதிவிட்டால் பாதிப் பிணக்கு வராது.

மூன்றாவது, முனையில் ஒரு களஞ்சியம். சீனக்குடா நிலையத்தை அண்டிய பகுதியில் வியாபாரிகள் சங்கமாகச் சேர்ந்து ஒரு பொதுக் களஞ்சியம் வாடகைக்கு எடுத்தால், பெட்டியிலிருந்து நேரே அங்கே இறக்கலாம். ஒவ்வொருவரும் தேவைப்படும்போது கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் செல்லலாம். பெட்டியைப் பிடித்து வைத்திருப்பதற்கான தாமதக் கட்டணமும் வராது. நமது கணக்கில் ரயிலைத் தோற்கடித்த 130 ரூபாவில் கணிசமான பங்கு இங்கேதான் மிஞ்சும்.

நான்காவது, திரும்பும் சுமை. கந்தளாயிலும் தம்பலகாமத்திலும் நெல் இருக்கிறது. கொழும்புக்குப் போகும் அரிசிக்காரரும் கொழும்பிலிருந்து சரக்கெடுக்கும் கடைக்காரரும் ஒரே லொறிக்காரரிடம் சேர்ந்து பேசினால் இருவருக்கும் கூலி குறையும். இதற்கு ரயிலும் வேண்டாம், அரசாங்கமும் வேண்டாம். இரண்டு தொலைபேசி அழைப்புப் போதும்.

ஐந்தாவது, கேட்க வேண்டியதைச் சரியாகக் கேட்பது. "ரயில் கூலியைக் குறையுங்கள்" என்பது நமது முதல் கோரிக்கையாக இருக்கக் கூடாது. கூலி ஏற்கெனவே பாதியாக இருந்தாலும் நாம் தோற்பதை மேலே பார்த்தோம். "வாரத்தில் எந்த நாள் சரக்குப் பெட்டி புறப்படும், எந்த நாள் வந்து சேரும் என்று எழுத்தில் தாருங்கள். பல கடைகளின் சரக்கை ஒரே பெட்டியில் ஏற்க அனுமதியுங்கள். நிலையத்தில் இறக்குவதற்குத் தளமும் கூரையும் தாருங்கள்" என்று கேட்க வேண்டும். இத்தனை தொன், இத்தனை மாதத்துக்குத் தருகிறோம் என்ற எழுத்து மூல உறுதியோடு போனால் திணைக்களம் காதுகொடுக்கும். வெறும் மகஜரை மட்டும் கொண்டுபோனால், இதுவரை போன மகஜர்களுடன் அதுவும் சேர்ந்துவிடும்.

லொறி உரிமையாளர்களான சகோதரர்கள் இதைக் கண்டு கவலைப்பட வேண்டியதில்லை. ரயிலில் வரும் ஒவ்வொரு மூடைக்கும் இரு முனையிலும் லொறி தேவை. இரவு முழுவதும் ஹபரணைக் காட்டு வழியில் கண்விழித்து ஓடுவதை விட, பகலில் ஊருக்குள் நாலு நடை ஓடுவது பலருக்கு இலாபமாகவும் உடம்புக்கு நல்லதாகவும் இருக்கும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது நாட்டின் வீதிகளும் தண்டவாளங்களும் ஒருசேர அடிபட்டன. 2022இல் டீசல் நின்றது, 2025இல் வெள்ளம் வந்தது. அடுத்தது எது என்று யாரும் சொல்ல முடியாது. ஒரே வழியை நம்பியிருப்பவர் அந்த வழி அடைபட்டால் கடையை மூட வேண்டும். இரண்டு வழி தெரிந்தவர் விலை கேட்டுப் பேரம் பேசலாம். ரயில் பாதை நமது ஊரில் ஏற்கெனவே கிடக்கிறது. அதைப் போட்ட செலவு நூறு வருடத்துக்கு முன் முடிந்துவிட்டது. அதைப் பயன்படுத்த வேண்டிய முனைச் செலவை எப்படிக் குறைப்பது என்பதே நமது கையில் மிச்சமிருக்கும் வேலை. அடுத்த சங்கக் கூட்டத்துக்குப் போகும்போது மூன்று மாத மூடைக் கணக்கைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும்.